மறுநாள் வந்து சேரும் பந்து

கொம்பன்விளையில் சந்தனமாரி வீசுகிற பந்து மறுநாள்தான் வந்து சேரும். இன்று வெயில் தாழ்கிற நேரத்தில் அது அவள் கையை விட்டுப் போனால், நாளை வெயில் தாழும்போது, அதே நொடியில், அதே ஆடுகளத்தில், வீசுவதற்கு ஆள் இல்லாமலே காற்றிலிருந்து புறப்பட்டு வந்து ஸ்டம்பைச் சாய்க்கும். இடைப்பட்ட பொழுதெல்லாம் பந்து எங்கே இருக்கும் என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள்கூட, ராத்திரியில் சூரியன் எங்கே போகிறது என்று நாம் கவலைப்பட்டோமா என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அவள் கல்லூரியில் சேர்ந்த புதிதில், உடற்கல்வி ஆசிரியர் தனிஸ்லாஸ் ஒரு பந்தைக் கொடுத்து வீசச் சொன்னபோதுதான் அது முதன்முதலில் நடந்தது. பந்து கையை விட்டதை எல்லோரும் பார்த்தார்கள், போய்ச் சேர்ந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும் என்றார் ஒருவர், தேரி மணல்மேட்டுக்குள் புதைந்திருக்கும் என்றார் இன்னொருவர். மாணவிகள் பனைமரத்தடிக்கெல்லாம் போய்ச் செம்மணலைக் காலால் கிளறிப் பார்த்தார்கள். தனிஸ்லாஸ் அடுத்த பந்தைக் கொடுத்தார், அதுவும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று, இருட்டுவதற்குள் விளையாட்டு அறையில் பந்தே இல்லை. மறுநாள் அதே மைதானத்தில் தமிழ்த்துறை பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. நடுவர் தீர்ப்புச் சொல்ல எழுந்து தொண்டையைச் செருமிய நேரத்தில் முந்தின நாள் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒலிபெருக்கிக் கம்பத்தைச் சாய்த்தன. அவர் நாற்காலியை நாலு அடி தள்ளிப் போட்டுக்கொண்டு, வேறு மைக் வாங்கி, விட்ட இடத்திலிருந்து தீர்ப்பைச் சொல்லி முடித்தார்.

அதற்குப் பிறகு ஊர் தன்னைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டது. மைதானத்தில் கூடுகிற வாரச் சந்தையில் கருவாட்டுக்காரர்களும் முருங்கைக்காய்க்காரர்களும் ஆடுகளத்தின் நீளத்துக்கு ஒரு பாதையைக் காலியாக விட்டுக் கடை பரப்பினார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டை விரட்ட வேண்டியிருக்கவில்லை, அவையே அந்நேரம் அந்தப் பாதையைச் சுற்றிக்கொண்டு போயின. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் சப்பரம் மைதானத்தைக் கடக்க வரும்போது பந்து வருகிற வேளையாக இருந்தால், தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொண்டு நின்றார்கள், மேளக்காரர் ஒவ்வொரு பந்துக்கும் ஓர் அடி அடித்து ஓவர் முடிந்ததும் நடையைக் கட்டச் சொன்னார். கல்யாணப் பந்தல் போட்டவர்கள் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கமும் பெண் வீட்டார் மறுபக்கமும் உட்கார நடுவில் இடைவெளி விட்டார்கள், அந்த இடைவெளி வழியாகப் பந்து போவதைப் பிடித்த புகைப்படம் எல்லா ஆல்பங்களிலும் தாலி கட்டுகிற படத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. துபாயிலிருந்து போன் வராத வீடுகளில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தேற்றிக்கொண்டபோது, மாரி பந்து மாதிரி, பிந்தினாலும் பிசகாது என்றார்கள். தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தவர்களிடம் குமாஸ்தா அதையே சொன்னபோது மட்டும் யாரும் நம்பவில்லை.

ஊர் ஏற்றுக்கொண்டதைக் கிரிக்கெட் ஏற்றுக்கொள்ளவில்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில், வந்து சேராத பந்து பந்தே இல்லை என்று நடுவர்கள் கூடிப் பேசித் தீர்மானித்தார்கள். இரண்டு நாள் ஆட்டம் ஒன்று கிடைத்தபோது தனிஸ்லாஸ் ஆசையோடு அவளை இறக்கினார். முதல் நாள் அவள் வீசியதெல்லாம் மறுநாள் வந்தபோது மட்டை பிடித்து நின்றது அவளுடைய அணிதான். சொந்தக் கேப்டனின் நடு ஸ்டம்ப் பறந்தது. கேப்டன் அவளோடு இரண்டு மாதம் பேசவில்லை. அதிலிருந்து சந்தனமாரி போட்டிகளுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துப்போகிறவளாக ஆனாள், ஆனால் சாயங்காலம் தவறாமல் வீசினாள்.

அப்படியிருக்கும்போதுதான் மரகதவல்லி கொம்பன்விளைக்கு வந்தாள்.

மரகதவல்லி திண்டுக்கல்காரி. ஒரு காலத்தில் மாநில அணிக்கு வேகப்பந்து வீசியவள், தோள் விட்டுப்போன பிறகு மற்றவர்களின் தோளைப் பார்த்துச் சொல்லுகிற வேலைக்கு வந்தவள். தென்மாவட்ட மகளிர் லீக்கில் வைகை வேங்கைகள் அணிக்காகக் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பந்துவீச்சாளர்களைப் பார்ப்பது அவள் வேலை. லீக்கில் கடைசியாக வந்த அணிக்குப் புது வீராங்கனைகளை எடுக்கும்போது முதல் வாய்ப்பு. போன வருஷம் வேங்கைகள்தான் கடைசி. முதல் வாய்ப்பில் யாரை எடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கோவையில் நிவேதனா என்றொருத்தி இருந்தாள், உயரம், அந்த வயதில் யாரும் போடாத வேகம். மரகதவல்லி அவளை நாலைந்து முறை பார்த்திருந்தாள். ஒவ்வொரு முறையும் கடைசி ஓவர்களில் அந்தப் பெண்ணின் முன்கால் தரையில் ஊன்றும்போது கொஞ்சம் மடிந்ததையும் பார்த்திருந்தாள். இந்த வருஷம் அது மடிப்பு, அடுத்த வருஷம் வலி, அதற்கடுத்த வருஷம் அறுவைச் சிகிச்சை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குச் சம்பளம் கொடுப்பதே அடுத்த வருஷத்தைப் பார்ப்பதற்குத்தான்.

தனிஸ்லாஸ் அவளை வரவேற்று, ஒருநாள் தங்குகிற மாதிரி வந்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார். ஏன் என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, சரி என்று சொல்லி அவள் கல்லூரி விடுதியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் சந்தனமாரி ஓடிவந்து வீசுவதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். ஓட்டத்தில் அவசரம் இல்லை. முன்கால் கல்தூண் மாதிரி ஊன்றியது. தலை சாயவில்லை. மணிக்கட்டு பந்தின் தையலுக்கு நேர் பின்னால் இருந்தது. வேகம் காட்டுகிற கருவியில் நிவேதனாவைவிடக் கொஞ்சம் குறைவான எண் விழுந்தது, பிறகு பந்தைக் காணோம். மரகதவல்லி கருவியை உறையில் போட்டுக்கொண்டு, மீதியை நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

மறுநாள் அவள் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தாள். மைதானம் வெறிச்சென்று இருந்தது. சந்தனமாரி ஓரத்தில் நின்று ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பந்து வந்தது. தையல் நிமிர்ந்து, கடைசி நேரத்தில் உள்ளே வளைந்து, ஆஃப் ஸ்டம்பின் தலையைத் தட்டிக்கொண்டு போனது. அடுத்தது அதே இடத்தில் விழுந்து வெளியே போனது. இருபத்தைந்து வருஷமாகப் பந்தோடு வாழ்ந்த மரகதவல்லி இன்னும் தாழக் குந்திக்கொண்டாள். எங்கிருந்து வருகிறது என்று அவள் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை, எங்கே விழுகிறது என்பதையே பார்த்தாள். எல்லாம் ஒரு கைக்குட்டை அகலத்துக்குள் விழுந்தன.

முடிந்ததும் சந்தனமாரியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, வீசும்போது மனசில் எதை நினைத்துக்கொள்வாய் என்று கேட்டாள். அந்தப் பெண், மட்டையோடு ஓர் ஆள் நிற்கிற மாதிரி நினைத்துக்கொள்வேன் என்றாள். எந்த ஆள் என்று கேட்டதற்கு, நாளைக்கு யார் நிற்பார்களோ அந்த ஆள் என்றாள்.

"யாருன்னு தெரியாம எப்படிப் போடுவ?"

"யாராவது சொன்னா நல்லாத்தான் இருக்கும்க்கா. இங்க சொல்லுததுக்கு ஆள் இல்ல."

மரகதவல்லி அந்த இடத்திலேயே எழுந்து நின்று பயிற்சியாளர் கோபிநாத்துக்குப் போன் செய்தாள். அவர் உடனே கொம்பன்விளைக்கு வரவேண்டும், அணியின் முதல் மட்டைக்காரி ரூபிணி அதற்கு ஒருநாள் கழித்து வந்தால் போதும் என்றாள். கோபிநாத் எதற்கும் சிரிக்காத, எதற்கும் கோபப்படாத மனிதர். காரணம் கேட்டார், கேட்டுவிட்டு, நிவேதனாவை எடுத்தால் யாரும் நம்மைக் கேள்வி கேட்க மாட்டார்கள், இவளை எடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று நினைவூட்டினார். கேட்கட்டும் என்றாள் மரகதவல்லி.

அவர் வந்து சேர்ந்த சாயங்காலம் ஆடுகளத்தில் யாரும் மட்டை பிடிக்கவில்லை. மரகதவல்லி சந்தனமாரியின் காதருகே நின்று நாளைய ரூபிணியைச் சொல்லிக்கொடுத்தாள். முதல் பந்தை அவள் தொட மாட்டாள், விட்டுவிட்டுப் பார்ப்பாள். இரண்டாவதில் முன்னே கால் வைத்துத் தள்ளுவாள். மூன்றாவதிலும் ஓட்டம் வராவிட்டால் அவளுக்குப் பொறுக்காது, நாலாவதுக்கு இறங்கி வருவாள். இறங்கி வருகிற காலுக்கு அடியில் போடு. சந்தனமாரி தலையாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வீசினாள், ஒவ்வொன்றாக மறைந்தன. தனிஸ்லாஸ் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் சந்தைநாள். கருவாட்டுக்காரர்கள் வியாபாரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ரூபிணி மட்டையோடு நின்றாள், அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தனிஸ்லாஸ் நேரம் சொன்னதும் சந்தனமாரி வெறுங்கையோடு ஓடிவந்தாள். நேற்று ஓடிய ஓட்டத்தின் மேலேயே இன்றைய ஓட்டத்தை வைத்து ஓடினாள், கை உச்சிக்குப் போய்த் திரும்புகிற இடத்தில் பந்து இருந்தது, நேற்றைய பந்து, அவள் விரலிலிருந்து விடுபட்ட மாதிரியே புறப்பட்டுப் போனது. ரூபிணி அதை விட்டுவிட்டுப் பார்த்தாள். இரண்டாவதில் முன்னே கால் வைத்தாள், மூன்றாவது அவளைத் தாண்டிப் போனது, நாலாவதுக்கு இறங்கி வந்தாள். கால்களுக்கிடையே புகுந்த பந்து லெக் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போய் முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவில் கிடந்தது. கடைக்காரம்மா அதை எடுத்துத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

கோபிநாத் லெக் ஸ்டம்பைத் திரும்ப நட்டார். பிறகு லீக்கின் விதிகளைத் தான் படித்திருப்பதாகவும், பந்து வீசுகிறவள் கையிலிருந்து வரவேண்டும் என்று அதில் இருப்பதாகவும், அன்றைக்கே வரவேண்டும் என்று எங்கும் இல்லை என்றும் சொன்னார். முந்தின நாளே மைதானத்தைக் கேட்டு வாங்கிவிடலாம், நேரத்துக்கு ஓவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கேப்டன் பாடு. ஒரே ஒரு கேள்விதான் அவருக்கு மிச்சம்.

"ரூபிணிய உனக்குப் பத்து வருஷமாத் தெரியும். நாளைக்கு அந்த நேரத்துல எதிரணியில யாரு நிப்பா, என்ன செய்வான்னு யாரு சொல்றது?"

"அதைச் சொல்லத்தான சார் எனக்குச் சம்பளம்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஆனால் சந்தனமாரி, அம்மா சரி என்று சொல்லாமல் வரமாட்டேன் என்றாள்.

அவள் அம்மா முத்துக்கனி பஸ் நிலையத்துக்கும் உப்பளத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினாள். ஊரே வந்து பார்த்துப் பழகிப்போன பந்தை ஒருமுறைகூட வந்து பார்க்காதவள் அவள் ஒருத்திதான். மகள் போலீஸ் தேர்வுக்குப் போகவேண்டும் என்பது அவள் எண்ணம், ஓடத் தெரிந்தவள், உயரம் இருக்கிறது, வேலை கிடைத்துவிடும். மரகதவல்லி அவளிடம் பேசுவதற்கு வேறு வழியில்லாமல் ஆட்டோவில் ஏறி, உப்பளத்துக்குப் போகிற பெண்களுக்கு நடுவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, அவள் முதுகைப் பார்த்தே பேசினாள். மற்ற பெண்கள் வழிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முத்துக்கனி கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். கணவன் பம்பாய்க்குக் கடை வேலைக்குப் போனபோது அடுத்த கொடைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதையும், அதன் பிறகு எத்தனையோ கொடை முடிந்துவிட்டதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் எதுவும் இல்லை, வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது என்று சொல்லுகிற குரல்தான்.

"பெறவு வரும்னு சொன்னத நான் ஒரு தடவ நம்பிட்டேன்மா. போதும்."

"அவ பந்து ஒரு நாளாவது வராம இருந்திருக்கா?"

"ஊர்ல வருது. அங்க போயி தோத்துட்டா?"

பொய் சொல்ல மரகதவல்லிக்கு வராது. "தோத்தா, நான் எடுத்தது தப்புன்னு ஆகும். அவ வீசினது தப்பாகாது" என்றாள்.

உப்பளம் வந்தது. பெண்கள் இறங்கினார்கள், இறங்கியவர்கள் போகாமல் நின்றார்கள். முத்துக்கனி வண்டியை அணைக்காமல், முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போக நினைத்தால் நான் மறிக்க மாட்டேன், ஆனால் என்னை மட்டும் அங்கே வந்து பார்க்கச் சொல்லாதீர்கள் என்று கடைசியில் சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பினாள்.

மதுரையில் ஒரு ஹோட்டல் கூடத்தில் தேர்வு நடந்தது. முதல் வாய்ப்பு வேங்கைகளுக்கு என்று அறிவித்ததும் நிவேதனாவின் கல்லூரிக்காரர்கள் கைதட்டத் தயாராகக் கையை விரித்து வைத்திருந்தார்கள். மரகதவல்லி மைக்கை வாங்கி, சந்தனமாரி, கொம்பன்விளை என்றாள். விரித்த கைகள் அப்படியே நின்றன. யாரும் சிரிக்கவில்லை, பெயரை இன்னொரு முறை சொல்லும்படி மட்டும் ஒருவர் கேட்டுக்கொண்டார். சொன்னாள், முதல் முறையைவிடச் சத்தமாக.

லீக்கில் பின்னால் நடந்ததெல்லாம் பத்திரிகையில் வந்தது. எதிரணிகள் முந்தின நாள் காலி மைதானத்தில் அவள் வீசுவதை ஒளிந்திருந்து பார்த்தும் பயனில்லாமல் போனதும், ஒருநாள் மழை வந்து ஆட்டம் நின்று அவளுடைய மொத்த ஓவரும் தார்ப்பாய் மேல் வந்து விழுந்ததும், மரகதவல்லி சொன்ன ஆள் நிற்காமல் வேறொருத்தி நின்று நாலு பவுண்டரி அடித்ததும், அப்படியிருந்தும் கடைசி அணி அந்த வருஷம் இறுதி ஆட்டம்வரை போனதும் படித்தவர்களுக்குத் தெரியும். கொம்பன்விளைக்காரர்களைக் கேட்டால் அதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். அவள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று நடந்ததைத்தான் சொல்லுவார்கள்.

லீக்குக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் சந்தனமாரி ஓர் ஓவர் வீசினாள். மரகதவல்லி எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, சும்மா நின்று பார்த்தாள். முதல் ஐந்து பந்துகளும் ஆஃப் ஸ்டம்புக்கு வெகு வெளியே போகிற மாதிரி இருந்தன. ஆறாவதில் அந்தப் பெண் விரல்களைப் பந்தின் மேல் உருட்டி வேகத்தை எடுத்துவிட்டாள். இதுவரை அவள் வீசியதிலேயே மெதுவான பந்து அதுதான். யாருக்கு என்று மரகதவல்லி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். காலையில் முதல் பஸ்ஸில், அழைத்துப்போக வந்திருந்த ரூபிணியோடு மதுரைக்குக் கிளம்பினாள். மரகதவல்லியும் அதே பஸ்ஸில் போயிருக்க வேண்டியவள், ஆனால் வீசியதைப் பார்த்துவிட்டு வந்து சேர்வதைப் பார்க்காமல் போக அவளால் முடியவில்லை.

அன்று சாயங்காலம் மைதானத்தில் கூட்டம். பெண் ஊரில் இல்லை, பந்து வரப்போகிறது, அதைத் தனியாக வரவிடக் கூடாது என்று யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமலே எல்லோரும் வந்திருந்தார்கள். பாதையின் இருபக்கமும் சப்பரத்துக்கு நிற்பதுபோல நின்றார்கள். தனிஸ்லாஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது உப்பளத்துச் சாலையிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ திரும்பி, பயணிகளோடு அப்படியே மைதானத்துக்குள் வந்து நின்றது. முத்துக்கனி இறங்கினாள். பின்னால் இருந்தவர்கள் ஏன் இங்கே நிறுத்தினாய் என்று கேட்கவில்லை. அவள் நேரே தனிஸ்லாஸிடம் போய் மட்டையைக் கேட்டாள். அவர் கொடுத்தார். காக்கிச் சட்டையோடு ஸ்டம்புக்கு முன்னால் போய், வண்டியின் கைப்பிடியைப் பிடிக்கிற மாதிரி மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் பந்து அவளைவிட்டு வெகு தள்ளிச் சீறிக்கொண்டு போனது. அவள் அசையவில்லை, கண்ணை மட்டும் மூடித் திறந்தாள். இரண்டாவதும் தள்ளியே போனது, மூன்றாவதும் அப்படியே. நாலாவது வரும்போது அவள் கண்ணை மூடவில்லை. ஐந்தாவது வரும்போது, அது எங்கே விழுந்து எங்கே போகிறது என்று தலையைத் திருப்பிப் பார்த்தாள். மரகதவல்லிக்கு அப்போதுதான் புரிந்தது, அந்த ஐந்தும் ஓர் ஆளைப் பயமில்லாமல் நிற்கப் பழக்குவதற்காகப் போட்டவை.

ஆறாவது மெதுவாக வந்தது, குழந்தைக்குத் தூக்கிப் போடுகிற மாதிரி, நேராக, மட்டைக்கு. முத்துக்கனி ஓங்கி அடித்தாள். பந்து பனைகளுக்கு மேலே போய், தேரியில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அன்றைக்கே, செம்மணலைச் சிதறடித்துக்கொண்டு விழுந்தது.

மேளக்காரரும் கூட்டத்தில் இருந்தார், மேளம்தான் கொண்டுவரவில்லை. முத்துக்கனி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"அடிச்சிட்டேன்ட்டி" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, இவள் மட்டையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். "நான் வருவேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

பதில் கேட்பதற்காகத் தனிஸ்லாஸ் அவள் கையைத் தொட்டுச் சாடை காட்டினார், அவள் போனைச் சத்தமாக வைத்தாள். மதுரைத் தெரு இரைச்சலுக்கு நடுவே சந்தனமாரியின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"தெரியாதும்மா. வந்தா அடிக்கட்டும்னு போட்டேன். வராட்டா ஸ்டம்ப்ல படட்டும்னு போட்டேன்."

முத்துக்கனி போனைப் பைக்குள் போட்டாள், மட்டையைத் தனிஸ்லாஸிடம் கொடுத்தாள், வண்டியில் ஏறிக் கிளப்பினாள். கிளப்பியவள் உடனே போகவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, எல்லாரும் பாத்தீங்கல்லா என்று கேட்டாள். பார்த்தோம் என்றார்கள்.